தீவகத்தின் கால்நடை வழியும் ஒரு வைரசின் நொதியமும்

யாழ்ப்பாணத் தீவகத்தார் கடந்த கடலைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அதே கடலைக் கடந்த விலங்குகளைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. இத்தனைக்கும் தீவகத்தில் கிடைத்த தமிழ்ச் சாசனங்களுள் தலையாயது விலங்கு வணிகத்தைப் பற்றியே பேசுகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ள அக்கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையைத் தமிழில் தருகிறது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கலாம் என்றும் அவர்களுக்குக் காவல் உண்டு என்றும் கூறும் அந்த ஆணை, யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன என்றும், வேறு பண்டம் ஏற்றிவந்த கப்பலாயின் சரிபாதி அரசுக்கு உரியது என்றும் வகுக்கிறது. கா. இந்திரபாலா 1963இல் பதிப்பித்த இந்தச் சாசனத்தில் விலங்கு வணிகனுக்குக் காட்டப்பட்டுள்ள சலுகை, படைக்கு வேண்டிய உயிர்களைக் கொண்டுவருபவனை அரசு எவ்வளவு மதித்தது என்பதற்கு நேர்ச் சான்றாகும்.

அதன்பின் வந்த ஆட்சியாளர்களும் இந்த வழியில் கண்ணாகவே இருந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடிபட்ட யானைகள் யாழ்ப்பாணத்தில் விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறிக் கோல்கொண்டாவுக்கும் வங்காளத்துக்கும் சென்றன. பசுத்தீவு என்றும் வழங்கிய நெடுந்தீவைப் போர்த்துக்கேயரும் பசுக்களின் தீவு என்றே தம் மொழியில் அழைத்தனர். ஒல்லாந்தர் அதற்குத் தங்கள் நகரொன்றின் பெயரைச் சூட்டி, அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினர். ஆங்கிலேயர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற படை அதிகாரி தீவின் மேற்பார்வையாளராக இருந்து அப்பணியைத் தொடர்ந்தார். இன்று நெடுந்தீவின் தெற்குத் தரவையில் மேயும் கட்டாக்காலிக் குதிரைகள் அந்த வளர்ப்பின் மிச்சமே.

ஆனால் யானைக்கும் குதிரைக்கும் கணக்கு எழுதிய அரசுகள், அதே தோணிகளிலும் வத்தைகளிலும் வந்துபோன ஆட்டுக்கும் மாட்டுக்கும் அவ்வளவு கவனமாகக் கணக்கு எழுதவில்லை. அவை சில்லறை வணிகம்; உழவனும் இறைச்சிக்காரனும் வண்டிக்காரனும் தமக்குள் முடித்துக்கொண்டவை. நோயின் வரலாற்றைத் தேடுவோருக்கு இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. ஏனெனில், கால்நடைகளைத் தாக்கிய கொள்ளைநோய்கள் எல்லாவற்றிலும் கொடியதாக இருந்த வெக்கை நோய் (ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட்) இரட்டைக் குளம்புள்ள விலங்குகளுக்கு மட்டுமே உரியது. குதிரை அதற்கு ஆட்படாது, யானையும் ஆட்படாது. அரசு எண்ணி வைத்த விலங்குகள் எவையும் நோயைச் சுமக்கவில்லை; நோயைச் சுமந்த விலங்குகளை எவரும் எண்ணி வைக்கவில்லை.

வெக்கை கண்ட மாட்டுக்கு முதலில் கடுங்காய்ச்சல் ஏற்படும். பின்னர் வாயின் உட்புறத்தில் புண்கள் தோன்றி, கண்ணும் மூக்கும் ஒழுகி, அடக்கமுடியாத கழிச்சல் உண்டாகி, உடலின் நீரெல்லாம் வற்றிச் சில நாட்களில் மாடு இறக்கும். முன்பு இந்நோயைக் கண்டிராத மந்தையில் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகள்கூட மடிந்ததுண்டு. பிழைத்த மாட்டுக்கு அது வாழ்நாளில் மீண்டும் வராது. இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டிலிருந்து கொழும்புக்குச் சரக்கிறக்க மாட்டுவண்டிகளையே நம்பியிருந்தன. வண்டி இழுக்கும் எருதுகளுக்குத் தென்னிந்தியாவை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. எருதுகளோடு நோயும் வந்தது. 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் பணி தொடங்கிய லெனார்ட் வுல்ஃபுக்கு, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது வெக்கையோடு மாரடிக்க நேர்ந்தது. பிற்காலத்தில் எழுத்தாளராக அறியப்பட்ட அவர், நோயுற்று அலைந்த எருமைகளைச் சுட்டுக்கொல்ல வேண்டியிருந்ததைத் தம் அலுவல் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். ஊரவரின் செல்வம் மாடாகவே இருந்த ஒரு மாவட்டத்தில், அந்த மாட்டைக் கொல்வதே மருந்து என்று விளக்குவது எந்த அதிகாரிக்கும் எளிதாக இருந்திருக்காது.

மாட்டைக் கொல்வதும் பிரித்துவைப்பதும் பழைய முறை. 1711இல் உரோமாபுரியில் பாப்பரசரின் மருத்துவரான லான்சீசி இதையே பரிந்துரைத்தார். 1762இல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றுவதற்கும் இந்த நோயே பெருங்காரணம். நோய்க்காரணி பற்றீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்துசெல்லும் நுண்பொருள் என்பதை 1902இல் நிக்கோலும் ஆதில் பேயும் காட்டினர். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற திமிலுள்ள மாடுகள் பெல்ஜியத்தின் அண்ட்வேர்ப் துறைமுகத்தில் சில நாள் தங்கியதால் ஐரோப்பாவில் நோய் மீண்டும் வெடிக்க, அந்த அச்சத்திலிருந்தே 1924இல் உலகக் கால்நடை நலத்துக்கான பன்னாட்டு அமைப்பு பாரிசில் பிறந்தது. அண்ட்வேர்ப் வரையான நெடுவழியையே கடந்த நோய்க்கு, பாக்கு நீரிணையில் ஓர் இரவில் தோணி கடக்கும் தூரம் ஒரு தடையே அல்ல: நோயரும்பும் காலம் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல், உடலில் நோய் தொடங்கிவிட்ட மாடு நலமாகத் தோன்றியபடியே கரையேறிவிடும்.

இலங்கையில் 1946ஆம் ஆண்டோடு வெக்கை ஒழிந்தது. அதன்பின் 41 ஆண்டுகள் அது இந்நாட்டில் காணப்படவில்லை. எதிர்க்கரையான தமிழ்நாட்டில் நோய் ஓயாமல் இருந்துகொண்டிருந்த காலத்தில், கண்ணுக்கெட்டும் தொலைவிலுள்ள தீவில் அது இல்லாமற்போனது எவ்வாறு என்ற கேள்விக்கு விடை நோயின் இயல்பிலேயே உள்ளது. வெக்கை வைரசு வெயிலில் சில மணி நேரமும் தாங்காது, பூச்சியால் பரவாது, பிழைத்த விலங்கின் உடலில் மறைந்து தங்காது. அது வாழ வேண்டுமானால், ஒரு விலங்கிலிருந்து அதற்கு ஆட்படக்கூடிய இன்னொரு விலங்குக்கு, மூச்சும் முகமும் நெருங்கும் அளவில், இடைவிடாமல் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். மந்தை சிறிதாயின் எல்லா மாடும் ஒன்று சாகும் அல்லது காப்புப் பெறும்; அத்துடன் வைரசுக்கும் வழி அடைபடும்.

இதே வைரசின் உடன்பிறப்பான சின்னமுத்து, அதாவது தட்டம்மை, தீவுகளில் இவ்வாறே நடந்துகொண்டதை 1846இல் பனும் என்ற டென்மார்க் மருத்துவர் பரோத் தீவுகளில் கண்டார். 65 ஆண்டுகளாக நோயே இல்லாதிருந்த அத்தீவுகளில் ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் சின்னமுத்து கண்டது; 1781இல் சிறுவராக அதைக் கண்டிருந்த முதியோரை மட்டும் அது தொடவில்லை. இரண்டு வைரசுகளும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை. பேர்லினில் பாதுகாக்கப்பட்ட 1912ஆம் ஆண்டின் நுரையீரல் ஒன்றிலிருந்து பெற்ற சின்னமுத்து மரபுத்தொகுதியை வைத்து 2020இல் வெளியான ஆய்வு, அந்தப் பிரிவு கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டளவிலேயே நிகழ்ந்திருக்கலாம் என்று கணிக்கிறது. நகரங்கள் பெருகிய பின்னரே மாட்டு வைரசு மனிதரிடையே நிலைகொள்ள முடிந்தது என்ற கருத்துக்கு அது பொருந்திவருகிறது.

இவ்வாறு இடைவிடாத தொடர் ஒன்றை நம்பிவாழும் உயிரியின் மையத்தில் ஒரு நொதியம் இருக்கிறது. நொதியம் என்பது உயிர்க்கலத்தில் ஒரு வேதிவினையை விரைவாக நடத்தும் புரதம். இங்கே பேசப்படும் நொதியத்தின் வேலை, ஓர் ஆர்.என்.ஏ. இழையைப் பார்த்து அதற்கு எதிரிணையான இன்னோர் ஆர்.என்.ஏ. இழையை அலகு அலகாகக் கோத்துக்கொடுப்பது. ஆகவே அதற்கு ஆர்.என்.ஏ. பொலிமரேசு என்று பெயர். மாட்டின் கலத்திலும் மனிதரின் கலத்திலும் டி.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதியங்கள் உண்டு. இந்த வைரசின் ஆர்.என்.ஏ.யைப் படியெடுத்துக் கொடுக்கும் நொதியம் அங்கே இல்லை. எனவே வைரசு தன் பொலிமரேசைத் தானே செய்துகொள்ள வேண்டும். டெங்கு வைரசுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: அதன் மரபுத்தொகுதி கலத்தின் புரத ஆலையான றைபோசோமால் நேரடியாக வாசிக்கக்கூடியது, ஆகவே உள்ளே நுழைந்த பிறகு தன் பொலிமரேசைச் செய்வித்துக்கொள்ளலாம். வெக்கை வைரசின் இழை எதிர்முறையில் எழுதப்பட்டது. றைபோசோமுக்கு அதில் பொருளே இல்லை. அதனால் நுழையும்போதே பொலிமரேசைக் கையோடு கொண்டுவந்தாக வேண்டும். இந்த வைரசின் வெறும் ஆர்.என்.ஏ.யை மட்டும் எடுத்துக் கலத்துக்குள் இட்டால் ஒன்றும் நிகழாது. 1997இல் பேரனும் பரற்றும் வெக்கை வைரசை அதன் மரபுக் குறிப்பிலிருந்து செயற்கையாக உருவாக்கியபோது, மரபுத்தொகுதியுடன் அதை உறையிடும் புரதத்தையும் பொலிமரேசின் இரு கூறுகளையும் சேர்த்தே கலத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த மரபுத்தொகுதி 15,882 நியூக்கிளியோரைட்டுகள் கொண்ட ஒற்றை இழை. அது எங்கும் வெறுமையாகக் கிடப்பதில்லை. நியூக்கிளியோ புரதம் எனப்படும் உறைப்புரதத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் சரியாக ஆறு அலகுகளைப் பற்றிக்கொள்ள, முழு இழையும் சுருள்வடிவான கோலாக ஆகிறது. மொத்த நீளம் ஆறின் மடங்காக இல்லாவிட்டால் இக்குடும்பத்து வைரசுகளின் பொலிமரேசு படியெடுக்கத் தடுமாறும். 15,882ஐ ஆறால் வகுத்தால் மீதியின்றி 2,647 வருகிறது. சின்னமுத்து வைரசின் 15,894ம் ஆறின் மடங்கே. இயற்கை எண்கணிதம் பார்ப்பதில்லை என்று எண்ணுவோர் இந்தக் குடும்பத்தைக் கவனிக்கலாம்.

பொலிமரேசின் பெரிய கூறு ‘எல்’ புரதம். 2,183 அமினோ அமிலங்களால் ஆனது. வேதிவினை முழுவதும் இதிலேயே நடக்கிறது. சிறிய கூறான ‘பீ’ புரதம் நான்கு மூலக்கூறுகள் முறுக்கிணைந்த கட்டாக ‘எல்’ புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அதை உறையிட்ட இழையின்மேல் நிறுத்துகிறது. பனை ஏறுபவர் தளைநாரைக் கால்களில் பூட்டி, மரத்தை விடாமற் பற்றியபடியே மேலேறுவதுபோல, ‘பீ’ புரதத்தின் நுனிகள் நியூக்கிளியோ புரதத்தின் வால்களை மாறிமாறிப் பற்றியும் விட்டும் செல்வதால், ‘எல்’ இழையிலிருந்து விழுந்துவிடாமல் முன்னேறுகிறது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். ‘பீ’ இல்லாமல் ‘எல்’ தானாக வைரசின் இழையைப் படிப்பதில்லை.

‘எல்’ போன்ற புரதத்தின் முப்பரிமாண உருவம் நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. அதன் பருமனும் நெகிழ்வும் பளிங்காக்க இடங்கொடுக்கவில்லை. உறைநிலை எலத்திரன் நுணுக்குக்காட்டி வந்த பின்னரே, 2015இல் கால்நடைகளின் இன்னொரு வைரசான கொப்புள வாயழற்சி வைரசில் முதன்முறையாக அது தெளிவாகக் காணப்பட்டது. பின்னர் வெக்கைக்கு நெருங்கிய உறவுகளிலும் அதே கட்டமைப்பு தெரியவந்தது. அதன்படி ‘எல்’ ஐந்து பகுதிகளின் தொகுதி. முதற்பகுதியே இழை கோக்கும் இடம். விரல்கள், உள்ளங்கை, பெருவிரல் என்று பெயரிடப்பட்ட மூன்று உறுப்புகள் சூழ்ந்த குழி அது. உள்ளங்கையில் கிளைசின், அஸ்பார்டிக் அமிலம், அஸ்பரஜின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கும் இடம் இக்குடும்பம் முழுவதிலும் மாறாமல் இருக்கிறது. அங்குள்ள அஸ்பார்டிக் அமிலமும் அருகிலுள்ள இன்னொன்றும் மக்னீசிய அயன்களைப் பிடித்துவைக்க, அந்த அயன்களே புதிய அலகை வளரும் இழையின் நுனியோடு பிணைக்கும் வினையை இயலச்செய்கின்றன. அந்த ஓர் அமினோ அமிலத்தை மாற்றிவிட்டால் நொதியம் செயலிழக்கும்.

எஞ்சிய பகுதிகளில் இரண்டு, எழுதப்பட்ட செய்தி ஆர்.என்.ஏ.யின் தலையில் மூடி ஒன்றை வைப்பவை. மூடியில்லாத செய்தியைக் கலத்தின் றைபோசோம் மதிக்காது. அதுமட்டுமன்றி, கலம் அதை வேற்று ஆர்.என்.ஏ. என்று கண்டுகொண்டு அழித்தும்விடும். கலம் தன் செய்திகளுக்கு மூடியிடுவது கருவுக்குள். வைரசோ கருவுக்கு வெளியே குழியவுருவில் வேலைசெய்கிறது. ஆகவே மூடியிடும் தொழிலையும் ‘எல்’ தானே கற்றுவைத்திருக்கிறது.

இந்த மூடியைப் பற்றிய ஆராய்ச்சியில் தென்னிந்தியாவுக்கு நேரடிப் பங்குண்டு. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம். எஸ். ஷைலாவும் அவருடைய மாணவரும் வெக்கை வைரசின் ‘எல்’, ‘பீ’ புரதங்களைச் செயற்கையாக உருவாக்கி, அந்த இணை கலத்துக்கு வெளியே, சோதனைக் குழாயிலேயே செய்தி ஆர்.என்.ஏ. எழுதவல்லது என்று 2008இல் காட்டினர். அடுத்த ஆண்டில், மூடியிடலின் முதல் இரு படிகளைச் செய்யும் திறனும் ‘எல்’ புரதத்தோடு சேர்ந்தே இருப்பதைக் காட்டினர். அவர்கள் கண்ட வழி விலங்குக் கலங்களின் வழக்கமான முறையை ஒத்திருந்தது. கொப்புள வாயழற்சி வைரசிலோ ஒகினோவும் பனர்ஜியும் 2007இல் முற்றிலும் வேறான வழியொன்றைக் கண்டிருந்தனர். உறவுள்ள இரண்டு நொதியங்கள் ஒரே வேலையை இரு வகையாகச் செய்கின்றனவா என்ற கேள்வி சிறியதல்ல. வெக்கை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டபின் அந்த வைரசைக் கையாள்வது பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதால், விடையை இனிச் சின்னமுத்து போன்ற உறவு வைரசுகளின் வழியாகவே பெரும்பாலும் தேட வேண்டியிருக்கிறது.

பொலிமரேசு இழையில் ஏறுவது ஒரே ஒரு முனையில், 3′ முனையில் மட்டுமே. அங்கிருந்து ஆறு மரபணுக்கள் வரிசையாக உள்ளன: உறைப்புரதம், ‘பீ’, உட்சுவர்ப் புரதம், கலத்தோடு இணையும் புரதம், பற்றிக்கொள்ளும் புரதம், கடைசியாக ‘எல்’. ஒவ்வொரு மரபணுவின் முடிவிலும் யுராசில்கள் தொடர்ந்து வரும் சிறு பகுதியில் நொதியம் திக்கித்திக்கி, அதே இடத்தையே மீளமீளப் படித்து, செய்தியின் வாலாக அடினின் அலகுகளை நீளமாகச் சேர்க்கிறது. பிறகு மூன்று அலகுகளைப் படிக்காமல் தாண்டி அடுத்த மரபணுவைத் தொடங்குகிறது. தாண்டுமிடத்தில் சில பொலிமரேசுகள் இழையை விட்டு விலகிவிடுகின்றன. அதனால் முதல் மரபணுவின் செய்தி மிகுதியாகவும், பிந்தையவை படிப்படியாகக் குறைந்தும், ‘எல்’ மரபணுவின் செய்தி எல்லாவற்றிலும் குறைந்தும் உண்டாகின்றன. ஆயிரக்கணக்கில் வேண்டிய உறைப்புரதம் முதலிலும், சிறிதளவே போதுமான நொதியம் இறுதியிலும் வைக்கப்பட்டிருப்பது, தனி ஒழுங்குமுறை எதுவுமின்றி வரிசையாலேயே அளவை முடிவுசெய்யும் ஏற்பாடாகும். ‘பீ’ மரபணுவின் நடுவில் நொதியம் சில வேளைகளில் ஒரு குவானினை மிகையாகச் சேர்த்துவிடும். அதனால் வாசிப்பு இடம்மாறி ‘வீ’ என்ற வேறொரு புரதம் பிறந்து, விலங்கின் நோயெதிர்ப்பின் முதல் அரணைத் தகர்க்கிறது. பிழைபோலத் தோன்றும் இச்செயல் வைரசுக்குப் பயன்படுகிறது. உறைப்புரதம் போதிய அளவு சேர்ந்ததும் அதே பொலிமரேசு நிறுத்தற் குறிகளைப் பொருட்படுத்தாமல் முனை முதல் முனை வரை முழு இழையையும் படியெடுக்கத் தொடங்கிவிடுகிறது.

இந்த வேலைமுறையில் டி.என்.ஏ. என்ற கட்டமே இல்லை. அக்கிப் புண்ணின் வைரசைப்போல நரம்பில் உறங்கிக் கிடப்பதற்கோ, எச்.ஐ.வி.யைப்போலக் கலத்தின் மரபணுக்களுக்குள் தன்னை எழுதிவைப்பதற்கோ வெக்கைக்கு இடமில்லை. இது மட்டுமே முழு விளக்கம் என்று சொல்லிவிட முடியாது. சின்னமுத்து வைரசு மிக அரிதாக மனித மூளையில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்து கொல்வதுண்டு. ஆனால் அவ்வாறு தங்கியது பிறருக்குத் தொற்றுவதில்லை. வெளியே பரவ வேண்டுமானால் அந்தப் பொலிமரேசு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அது ஓடுவதற்குப் புதிய புதிய மாடுகள் வேண்டும். நீரிணை அந்தத் தொடரை அறுத்தது. தோணி அதை மீண்டும் முடிச்சிட்டது.

1987இல் முடிச்சிட்டது தோணியன்று, ஒரு படை. அவ்வாண்டு யூலை இறுதியில் இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியது. படையினரின் உணவுக்காக இந்தியாவிலிருந்து உயிரோடு கொண்டுவரப்பட்ட ஆடுகள் வழியே வெக்கை நோய் மீண்டும் இலங்கைக்குள் புகுந்தது என்று கால்நடை நோயியல் ஆவணங்கள் கூறுகின்றன. ஆடு இந்த வைரசுக்கு ஏற்ற மறைவிடம். மாட்டைக் கொல்லும் வைரசு ஆட்டில் பெரும்பாலும் மெல்லிய காய்ச்சலாகவே கடந்துபோகும். இந்தியாவின் முக்தேசர் ஆய்வுநிலையத்தில் எட்வேட்சு 1920களில் வைரசை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மாற்றிமாற்றியே மாட்டுக்கான தடுப்பு மருந்தைச் செய்தார் என்பதை எண்ணினால், ஆடும் வெக்கையும் பழகிய பழக்கம் புரியும். போதாக்குறைக்கு, அதே 1987இல் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் செம்மறிகளிடையே வெக்கையைப் போன்ற ஒரு நோய் கண்டு, அது ஆட்டுக்கொல்லி நோய் என்ற வேறோர் உறவு வைரசு என்று ஷைலாவும் குழுவினரும் 1989இல் உறுதிசெய்தனர். இந்தியாவில் அதுவே அந்நோயின் முதற் பதிவு.

41 ஆண்டுகளாக வெக்கையைக் காணாத நாட்டில் மாடுகளுக்கு எதிர்ப்பாற்றல் இல்லை. அதை நேரில் கண்ட கால்நடை மருத்துவரும் அருகியிருந்தனர். அந்த ஆண்டின் ஒக்ரோபரில் அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. தடுப்பூசியைக் குளிரில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுசெல்ல வேண்டிய வேலைக்கு அதைவிடக் கேடான காலம் வாய்த்திருக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது வேலணையிலும் மண்டைதீவிலும் புங்குடுதீவிலும் பட்டிமாடுகள் கட்டாக்காலிகளாயின. எண்ணவும் பிடிக்கவும் ஊசியிடவும் உரிமையாளர் இல்லாத மந்தை எந்த நோயொழிப்புத் திட்டத்துக்கும் பெருந்தலைவலி. இலங்கையில் வெக்கை கடைசியாகப் பதிவானது 1994இல். தமிழ்நாட்டின் வடஆர்க்காட்டில் 1995இல் கண்டதே இந்தியாவின் கடைசி நோய்.

வைரசு எங்கிருந்து வந்தது என்பதை முடிவுசெய்யவும் பொலிமரேசே உதவியது. இந்த நொதியம் எழுதியதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பத்தாயிரம் முதல் இலட்சம் அலகுகளுக்கு ஒன்றென்ற அளவில் பிழை விடுகிறது. பிழைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்வதால், எந்த வைரசு எந்த வைரசுக்கு உறவு என்று வரிசைகளை ஒப்பிட்டுக் கூறமுடியும். இங்கிலாந்தின் பேர்பிரைட் ஆய்வுநிலையத்தார் 1990களின் தொடக்கத்தில் அவ்வாறு வகுத்த மூன்று கிளைகளில் இரண்டு ஆபிரிக்காவுக்கும் ஒன்று ஆசியாவுக்கும் உரியன. இலங்கையின் வைரசு ஆசியக் கிளையில் இடம்பெற்றது. பிழை மலிந்த நொதியம் இருந்தும், வைரசின் புறப்புரதங்கள் நோயெதிர்ப்பை ஏமாற்றும் அளவுக்கு மாறவில்லை என்பது மாடுகளின் நற்பேறு. வோல்டர் ப்ளோரைட் கென்யாவில் கன்றின் சிறுநீரகக் கலங்களில் 90 முறை மாற்றிவளர்த்து உருவாக்கிய ஒரே தடுப்பூசி மூன்று கிளைகளையும் தடுத்தது. அதற்காக அவருக்கு 1999இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தத் தடுப்பூசி வைரசு ஏன் சாதுவானது என்று 2005இல் ஆராய்ந்தபோது, குற்றத்தை ஒரு மரபணுவின் தலையில் மட்டும் போட முடியவில்லை. பெரும்பாலான மரபணுக்களிலும் வீரியம் குறைக்கும் மாற்றங்கள் இருந்தன.

2001இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் கண்டதே உலகின் கடைசி வெக்கை. 2011 மே மாதத்தில் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதர் முற்றாக ஒழித்த நோய்களில் பெரியம்மைக்கு அடுத்தது இதுவே. தன் ஆய்வகத்தில் எஞ்சிய வைரசை, வரிசையைப் பதிந்துவைத்துவிட்டு அழிக்கும் பணியைப் பேர்பிரைட் 2019இல் முடித்தது. நொதியத்தின் கதை ஆய்வகங்களில் தொடர்கிறது: இக்குடும்பத்தின் பொலிமரேசை முடக்கும் ஒரு வாய்வழி மருந்தை, நாய்களைத் தாக்கும் உறவு வைரசு தொற்றிய மரநாய்களுக்கு உரிய நேரத்தில் கொடுத்தபோது அவை அனைத்தும் பிழைத்தன என்று 2014இல் ஓர் ஆய்வு வெளியானது, மருந்தின்றி அந்நோய் மரநாய்களைத் தப்பவிடுவதில்லை.

ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் ஒழியவில்லை. அதன் மரபுத்தொகுதி 15,948 அலகுகள், அதுவும் ஆறின் மடங்கு. அதன் ‘எல்’ புரதமும் 2,183 அமினோ அமிலங்கள் கொண்டதே. 2030க்குள் அதையும் ஒழிப்பதென்று 2015இல் அபிஜானில் உலக நாடுகள் இலக்கு வைத்தன. தமிழ்நாட்டுக் கரையில் அந்த வைரசு இருக்கும்வரை, நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் கரையேறும் ஆடு ஒவ்வொன்றும் கணக்கில் எழுதப்பட வேண்டியதே.